கேமரா கைக்கு வரும் முன்பே படத்தைப் பார்க்கலாம்

டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்து, அது சரியாக வரவில்லை என்றால் நம்மில் பலர் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "பரவாயில்லை, கம்ப்யூட்டரில் போட்டுச் சரி செய்து கொள்ளலாம்." நானும் அப்படித்தான் சொன்னேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று தெரிந்து கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பவர்களுக்கு அந்த அனுபவம் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன். படம் எடுத்த பின் கம்ப்யூட்டர் செய்யும் உதவி கொஞ்சம்தான். எடுக்கும் முன் அது செய்யும் உதவியோ மிக அதிகம்.

ஒரகடம் பகுதியில் உள்ள ஒரு தொழிற்சாலையில் 2012-ல் ஒரே நாளில் பயிற்சியாளர்களாகச் சேர்ந்தவர்கள் நாங்கள் 14 பேர். மூன்று ஷிப்ட் வேலை. கேமரா உள்ள மொபைலை உள்ளே கொண்டு போக முடியாது. இந்தப் பகுதியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. கேட்டிலேயே வாங்கி வைப்பார்கள், அல்லது லென்ஸ் மேல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். அதனால் மூன்று ஆண்டுகள் ஒன்றாக இருந்தும் 14 பேரும் சேர்ந்த படம் ஒன்று கூட இல்லை. 2015 மார்ச் மாதக் கடைசியில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தோம். அன்று மாலை, நாங்கள் வழக்கமாக உட்கார்ந்து பேசும் ஏரிக்கரையில், தண்ணீரும் மறையும் சூரியனும் பின்னால் தெரிய, ஒரு படம் எடுத்தோம்.

வானம் அழகாக வந்திருந்தது. 14 முகங்களும் கரிக்கட்டை போல் இருந்தன.

அந்தப் படத்தில் இருந்த ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். துக்கம் கேட்கப் போனபோது அவருடைய அம்மா, "உங்களோட சேர்ந்து எடுத்த படம் இருந்தா ஒண்ணு குடுங்கப்பா" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து கிம்ப் புரோகிராமில் அந்தப் படத்தைத் திறந்தேன். கலர்ஸ் மெனுவில் எக்ஸ்போஷர், கர்வ்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். இருட்டு, புள்ளி புள்ளியான சாம்பல் நிறமாக மாறியது. முகம் வரவில்லை.

ஏன் வரவில்லை?

கேமரா தன் முன்னால் உள்ள வெளிச்சம் முழுவதையும் சேர்த்து அளக்கிறது. பின்னால் சூரியனும் வானமும் பளீர் என்று இருந்தால், "வெளிச்சம் அதிகம்" என்று முடிவு செய்து உள்ளே வரும் ஒளியைக் குறைத்துக் கொள்கிறது. வானம் சரியாகப் பதிவாகும். நிழலில் உள்ள முகம் பதிவாகாது. பதிவாகாத ஒன்றை எந்தச் சாப்ட்வேரும் திரும்பக் கொண்டு வர முடியாது. இல்லாததை இட்டு நிரப்பும் புதிய புரோகிராம்கள் இன்று இருக்கின்றன. ஆனால் அவை வரைந்து தருவது யாரோ ஒருவருடைய முகத்தை. அந்த அம்மாவின் மகனுடைய முகம் அதில் இருக்காது.

போன ஜனவரியில் மீதம் உள்ள 13 பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடுவது என்று முடிவானது. ஓசூர், திருப்பூர், வளைகுடா என்று பிரிந்து போனவர்கள். வாலாஜாபாத்தில் இருக்கும் அந்த அம்மாவையும் அழைத்து நடுவில் உட்கார வைத்து ஒரு படம் எடுப்பது என்று பேசிக் கொண்டோம். ஆக 14 பேர். கேமரா ஒரு நாள் வாடகைக்கு. இரண்டாவது வாய்ப்பு கிடையாது. "அண்ணே, இந்தத் தடவையாவது மூஞ்சி தெரியுமா?" என்று ஒருவர் போனில் கேட்டார். அன்றுதான், கேமரா கையில் இல்லாமலே படத்தைத் திட்டமிட முடியுமா என்று தேட ஆரம்பித்தேன்.

இது புதிய வித்தை அல்ல. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-ல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858-ல் மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் படம் பிடித்தார். பெரிய கேமரா, முக்காலி, ரசாயனப் பொருள்கள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக் கொண்டு போக வேண்டிய காலம். எங்கே நிற்பது, எப்போது எடுப்பது என்று முதலில் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் அந்த மூட்டையைப் பிரிக்க முடியாது. நமக்கு அந்த வேலையில் பாதியைக் கம்ப்யூட்டர் செய்து தருகிறது.

படி 1: இடத்தை அளப்பது

இதற்குத் தேவையான புரோகிராம் கூகுள் எர்த் புரோ. முன்பு கட்டணம் செலுத்தி வாங்க வேண்டியிருந்த இது 2015 முதல் இலவசம். டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். பிரவுசரிலேயே இயங்கும் கூகுள் எர்த் ஒன்றும் உண்டு. நான் இங்கே சொல்லும் மெனுக்கள் கம்ப்யூட்டரில் பதிந்து கொள்ளும் புரோ பதிப்பில் உள்ளவை.

புரோகிராமைத் திறந்து, இடது பக்கம் உள்ள சர்ச் கட்டத்தில் ஊர் பெயரை டைப் செய்து என்டர் தட்டுங்கள். பூமி உருண்டை சுழன்று அந்த ஊருக்கு மேல் வந்து நிற்கும். மவுஸின் சக்கரத்தை உருட்டினால் கீழே இறங்கலாம். வழி தவறி எங்காவது திரும்பி விட்டால் பயப்பட வேண்டாம். கீ போர்டில் ஆர் எழுத்துக்கான கீயைத் தட்டினால் வடக்கு மேலே இருக்கும்படி நேராகிவிடும்.

இனி டூல்ஸ் மெனுவில் ரூலர் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஒரு சிறிய விண்டோ கிடைக்கும். அதில் லைன் டேபில், அளவு மீட்டரில் இருக்கும்படி மாற்றிக் கொள்ளுங்கள். கேமரா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கிளிக், ஆட்கள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கிளிக். இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியும். அதற்குக் கீழே ஹெட்டிங் என்று ஒரு எண் இருக்கும். அது நீங்கள் பார்க்கும் திசை. வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. இந்த எண்ணைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எங்கள் ஏரிக்கரையின் மேல்பகுதியை அளந்தேன். அகலம் 4 மீட்டர்தான். ஹெட்டிங் ஏறத்தாழ 270. பழைய படம் ஏன் கெட்டது என்பது அந்த நிமிடமே புரிந்தது. நம் பகுதியில் நிலம் கிழக்கு நோக்கிச் சரிகிறது. எனவே ஏரிகளுக்குப் பெரும்பாலும் கிழக்குப் புறத்தில் கரை போட்டிருப்பார்கள். நீர் மேற்கே பரந்து நிற்கும். செம்பரம்பாக்கம் ஏரியும் அப்படித்தான். கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தால் மேற்கே பார்க்கிறோம். மாலையில் அங்கே எடுத்தால் சூரியன் நேர் எதிரில். அதிலும் மார்ச் மாதக் கடைசி, சூரியன் கிட்டத்தட்ட நேர் மேற்கில் மறையும் காலம். ஏரியை வெட்டியவர்கள் என் படத்தின் நேரத்தையும் சேர்த்தே தீர்மானித்து விட்டார்கள் என்று நினைத்துக் கொண்டேன்.

படி 2: எத்தனை பேர் அடங்குவார்கள்?

லென்ஸின் எண்ணும் தூரமும் தெரிந்தால், படத்துக்குள் எவ்வளவு அகலம் அடங்கும் என்பதைக் கணக்கிட்டு விடலாம். 35 மி.மீ. பிலிம் சட்டத்தின் அகலம் 36 மி.மீ., உயரம் 24 மி.மீ. இதிலிருந்து வரும் கணக்கு:

அகலம் = தூரம் × 36 ÷ லென்ஸ்

இதை எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் போட்டு வைத்துக் கொள்ளலாம். முதல் செல்லில் தூரத்தை மீட்டரில் டைப் செய்யுங்கள். அடுத்த செல்லில் லென்ஸின் மி.மீ. எண். மூன்றாவது செல்லில் சமக்குறி போட்டு, தூரம் உள்ள செல்லைக் கிளிக் செய்து, *36/ என்று டைப் செய்து, லென்ஸ் உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். அகலம் கிடைக்கும். எண்களை மாற்ற மாற்ற விடையும் மாறும்.

எங்கள் கணக்கைப் பாருங்கள். 7 பேர் நிற்க, 7 பேர் உட்கார. ஆளுக்கு அரை மீட்டர் என்றால் மூன்றரை மீட்டர். இரண்டு பக்கமும் சிறிது இடம் விட்டு 5 மீட்டர் வேண்டும். கரையின் 4 மீட்டரில் ஆட்கள் நிற்கும் இடம் போக எனக்கு 3 மீட்டர்தான் கிடைக்கும். அந்தத் தூரத்தில் 5 மீட்டரை அடக்க 21 மி.மீ. லென்ஸ் தேவை. அத்தனை அகலமான லென்ஸில் ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் உடம்பும் இழுத்தது போல் ஆகும். 50 மி.மீ. லென்ஸ் என்றால் 7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆக, எனக்குத் தேவை 9 மீட்டர் அகலம் உள்ள இடம்.

ஒரு எச்சரிக்கை. வாடகைக்குக் கிடைக்கும் பல டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் சென்சார், பிலிமை விடச் சிறியது. அவற்றில் லென்ஸ் எண்ணை 1.5-ஆல் (கேனன் என்றால் 1.6-ஆல்) பெருக்கிக் கொள்ள வேண்டும். கேமராவோடு வரும் 18–55 லென்ஸை 33-ல் வைத்தால்தான் அது 50 மி.மீ. போல் பார்க்கும்.

படி 3: வெயில் எந்தப் பக்கம்?

கூகுள் எர்த் புரோவின் வியூ மெனுவில் சன் என்பதைக் கிளிக் செய்தால் மேலே ஒரு நேரக் கோடு தோன்றும். அதை நகர்த்தினால் சூரியன் நகர்வதைப் பார்க்கலாம். இன்னும் எளிதாக வேண்டுமானால் சன்கால்க் என்ற இணையதளத்துக்குச் செல்லுங்கள். மேப்பில் இடத்தை வைத்து, தேதியையும் நேரத்தையும் கொடுத்தால் சூரியன் உதிக்கும் திசை, மறையும் திசை, குறிப்பிட்ட நேரத்தில் நிற்கும் திசை ஆகியவற்றைக் கோடுகளாகக் காட்டும். சூரியனின் உயரத்தையும் டிகிரியில் சொல்லும்.

கேமரா பார்க்கும் திசைக்கு நேர் எதிர்த் திசையை முதலில் கண்டுபிடியுங்கள். எங்களுடையது 270, எனவே எதிர்த்திசை 90. சூரியன் அந்த எண்ணுக்கு 20 முதல் 45 டிகிரி வரை ஒரு பக்கமாக இருந்தால் முகத்துக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும். ஜனவரி இரண்டாவது வாரம் எங்கள் பகுதியில் சூரியன் உதிப்பது காலை 6.35 அளவில், கிழக்குக்குச் சற்றுத் தெற்கே. 7.45-க்குச் சூரியன் 115 டிகிரியை ஒட்டி நிற்கிறது. அதாவது என் இடது தோளுக்குப் பின்னால். உயரம் 15 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அந்த நேரத்தில் என் நிழல் ஆறேகால் மீட்டர் நீளும். 7 மீட்டர் தள்ளி நிற்பவர்களின் காலில் கூட அது விழாது. 7.15-க்கே எடுத்திருந்தால் நிழல் பத்து மீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். இரவு ஷிப்ட் முடித்து வருபவர்களுக்கும் 7.45 சரியான நேரம்.

நடுப்பகலை எப்போதும் தவிர்த்து விடுங்கள். நம் பகுதியில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். அப்போது எடுத்தால் எல்லாருடைய கண்களும் இரண்டு கருங்குழிகளாக இருக்கும்.

படி 4: படத்தின் தேதியைப் பாருங்கள்

9 மீட்டர் அகலத்துக்காகக் கரை முழுவதும் ரூலரை ஓட்டினேன். கலங்கல் அருகே 12 மீட்டர் அகலமான திடல் கிடைத்தது. மஞ்சள் பின் ஒன்றைக் குத்தி, பெயர் கொடுத்துச் சேவ் செய்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகுதான் திரையின் கீழ் ஓரத்தைக் கவனித்தேன். அந்தச் சாட்டிலைட் படம் எடுத்த தேதி அங்கே இருந்தது. இரண்டு ஆண்டு பழைய படம்! வியூ மெனுவில் ஹிஸ்டாரிகல் இமேஜரி என்பதைக் கிளிக் செய்தால், அதே இடத்தின் பழைய படங்களை ஆண்டு வாரியாகப் பார்க்கலாம். ஒரகடத்தில் இதைச் செய்து பார்ப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். முதலில் வயலும் ஏரியுமாகப் பச்சையாக இருக்கும். கோட்டை நகர்த்த நகர்த்த வண்டலூர்–வாலாஜாபாத் சாலை அகலமாகும், வெள்ளைக் கூரைகள் ஒவ்வொன்றாக முளைக்கும். நாங்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்த மரம் 2013-ல் ஒரு பச்சைப் புள்ளி. சில படங்கள் தாண்டினால் அந்த இடத்தில் சாலைதான் இருக்கிறது. இவ்வளவு வேகமாக மாறும் ஊரில் இரண்டு ஆண்டு பழைய படத்தை நம்ப முடியுமா?

பெரிய சாலை என்றால் ஸ்ட்ரீட் வியூ உதவும். இந்தியாவில் 2022 ஜூலையில் சென்னை உட்பட 10 நகரங்களில் தொடங்கப்பட்டது. கூகுள் மேப்பில் மஞ்சள் பொம்மையைத் தூக்கிப் பிடித்தால், எந்தச் சாலைகளுக்குப் படம் இருக்கிறதோ அவை நீலமாகத் தெரியும். ஏரிக்கரைக்கு அது இல்லை. நேரில்தான் போக வேண்டும். கம்ப்யூட்டரில் எவ்வளவு பார்த்தாலும் ஒரு நடை நடந்து பார்ப்பதைத் தவிர்க்க முடியாது.

படி 5: அட்டையும் நூலும்

நேரில் போகும்போது கேமரா வேண்டாம். ஒரு கெட்டி அட்டை போதும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ், நடுவில் செவ்வகம் வெட்டிய அட்டை வழியாகக் காட்சியைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லிக் கொடுத்தவர். சினிமா இயக்குநர்கள் இரண்டு கை விரல்களால் சட்டம் கட்டிப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

கல்யாணப் பத்திரிகை அட்டையின் நடுவில் 9 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரத்துக்குச் செவ்வகம் வெட்டுங்கள். இது பிலிம் சட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு. எனவே கண்ணிலிருந்து அட்டையைப் பிடிக்கும் தூரமும் லென்ஸ் எண்ணைப் போல் இரண்டரை மடங்காக இருக்க வேண்டும்:

28 மி.மீ. லென்ஸ் – 7 செ.மீ.
35 மி.மீ. – 9 செ.மீ. (சற்றுக் குறைவாக)
50 மி.மீ. – 12.5 செ.மீ.
85 மி.மீ. – 21 செ.மீ.
100 மி.மீ. – 25 செ.மீ.
200 மி.மீ. – 50 செ.மீ.

அட்டையின் ஓரத்தில் ஒரு நூலைக் கட்டி, இந்தத் தூரங்களில் முடிச்சுப் போடுங்கள். வேண்டிய முடிச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, நூலை இழுத்து, ஒரு கண்ணை மூடிக் கொண்டு பாருங்கள். ஓட்டை வழியாகத் தெரிவதுதான் அந்த லென்ஸ் எடுக்கப் போகும் படம்.

மொபைலில் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். மொபைலின் முக்கியக் கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. லென்ஸ் போல் அகலமாகப் பார்க்கும். அதில் எல்லாரும் அடங்குவதைப் பார்த்து ஏமாந்து விடக் கூடாது. எந்த லென்ஸில் எப்படித் தெரியும் என்று சட்டம் போட்டுக் காட்டும் ஆர்டெமிஸ் போன்ற மொபைல் அப்ளிகேஷன்கள் உண்டு. சினிமாக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். நமக்கு அட்டை போதும். அதற்குச் சார்ஜ் போட வேண்டாம். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். தொழிற்சாலைச் சுவர், கேட் அருகே நின்று எதையாவது கண்ணில் வைத்துப் பார்ப்பதற்கு முன் செக்யூரிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லி விடுங்கள்.

ஒரு வாரம் முன்பாக, அதே ஞாயிறு காலை 7.45-க்கு அட்டையோடு போனேன். கலங்கல் அருகே இருந்த திடலைச் சுற்றிக் கம்பி வேலி! சாட்டிலைட் படத்தில் இல்லாதது. மதகை ஒட்டிய சிறிய கோயில் முன் இருந்த இடத்தை அடுத்ததாகக் குறித்து வைத்திருந்தேன். அடி எண்ணி அளந்தேன். சரியாக 9 மீட்டர். வண்டி வந்து நிற்க வழி இருந்தது. வயதான அம்மா மேடேற வேண்டியதில்லை.

12.5 செ.மீ. முடிச்சைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தபோது மேலும் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. கோயில் வேப்பமரத்தின் நிழல் வடக்குப் பாதியில் விழுந்தது. வரிசையைத் தெற்கே நான்கு எட்டு தள்ள வேண்டும். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மின்கோபுரம், நடுவில் நிற்பவரின் தலையிலிருந்து முளைத்தது போல் தெரிந்தது. இரண்டு எட்டு வலப்பக்கம் நகர்ந்து சற்று இடது பக்கம் திரும்பினால் அது சட்டத்தை விட்டு வெளியே போனது. நான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு செங்கல்லை வைத்து விட்டு வந்தேன். கூகுள் மேப்பில் அந்த இடத்தில் வலது கிளிக் செய்தால் கிடைக்கும் எண்களைக் காப்பி செய்து எல்லாருக்கும் அனுப்பினேன். யாரும் வழி கேட்கவில்லை.

அந்த ஞாயிறு

செங்கல் அங்கேயே இருந்தது. எதிர்வெயிலில் கண் கூசியதால் எல்லாரையும் கண்ணை மூடிக் கொள்ளச் சொல்லி, மூன்று எண்ணித் திறக்கச் சொன்னேன். கேமராவை முக்காலியில் வைத்து, டைமரை அமுக்கி விட்டு ஓடிப் போய் ஓரத்தில் நின்றேன். மொத்தம் ஆறு படங்கள். பத்து நிமிட வேலை. வாடகைக் கேமரா அதற்குப் பிறகு நாள் முழுவதும் சும்மாதான் இருந்தது.

மறுநாள் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். சரி செய்ய எதுவும் இல்லை. 14 முகங்களும் தெரிந்தன. முன் வரிசையில் நடுவில் அந்த அம்மா. பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பெயர் கேட்டார். பழைய படத்தையும் கேட்டார். கொடுத்தேன். "இதுல அவன் எங்க நிக்கிறான்?" என்றார். இடது ஓரத்திலிருந்து மூன்றாவது நிழலைக் காட்டினேன்.

உங்கள் வீட்டிலும் அறுபதாம் கல்யாணம், காதுகுத்து, பிரிவு உபசாரம் என்று ஒரே ஒரு முறை வரும் நாள் இருக்கும். அதற்கு ஒரு வாரம் முன் இந்த ஐந்தையும் செய்து விடுங்கள்.

1. கூகுள் எர்த் புரோவில் தூரத்தையும் திசையையும் அளந்து எழுதுங்கள்.
2. தூரம் × 36 ÷ லென்ஸ் கணக்கில் எல்லாரும் அடங்குகிறார்களா என்று பாருங்கள்.
3. சன்கால்க் தளத்தில் வெயில் முகத்தில் விழும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.
4. சாட்டிலைட் படத்தின் தேதியைப் பார்த்து, இரண்டாவது இடம் ஒன்றையும் குறித்து வையுங்கள்.
5. அதே நேரத்தில் அட்டையோடு ஒரு முறை நேரில் போய் வாருங்கள்.

கேமராவை அதற்குப் பிறகு வாடகைக்கு எடுத்தால் போதும்.